யாரிடம் பணம் வாங்குவது

கோபக்காரிக்கு,

நம் காது கேட்கும் கருவிக் கம்பெனியில் பணம் போட்டவர் இன்று மறுபடியும் வந்தார். "குழந்தைங்க மாடல நிறுத்திடுங்க, அதுல லாபமே இல்ல" என்றார். ஆறு மாதமாக இதே பாட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ சண்டை போட்டும் கேட்காமல் அவரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். நீ சொன்ன காது டாக்டர் தருவதாக இருந்தது இவர் போட்ட பணத்தில் கால்வாசிகூட இல்லை. ஆனால் டாக்டர் கருவியைத் தன் காதிலேயே மாட்டிப் பார்த்தார். இவர் இன்றுவரை பெட்டியைக்கூடத் திறந்ததில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், எதற்கு எழுதுகிறேனோ.

"நிறுத்த முடியாது சார். உங்க பங்க வித்துடுங்க, வாங்கறதுக்கு ஆள் கூட்டிட்டு வரேன்."

"ஒரு மாசம் டைம் தரேன், முடிஞ்சா கூட்டிட்டு வாங்க" என்று சிரித்தார்.

நேராக டாக்டரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நாங்க நாலஞ்சு டாக்டருங்க சேர்ந்து வாங்கிக்கறோம்மா. ஆனா, இந்தக் கருவிய செஞ்ச பொண்ணு எங்க?"

நாம் பேசி எட்டு மாதமாகிறது என்று எப்படிச் சொல்வேன்? வெளியூர் போயிருக்கிறாள், வியாழக்கிழமை வந்துவிடுவாள் என்று புளுகிவிட்டேன். அன்றைக்கு இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறார்.

காலை பத்து மணிக்கு. அந்தப் பொய்யை நீதான் காப்பாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்கத் தெரியாதவள்