நீல வண்டி வந்த வாரமும் சிவப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே இருவரும் சுகம் என்று எழுதத்தான் கை போனது, உன் அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து முறைத்ததால் திருத்தி எழுதுகிறேன், அம்மா சுகம், நான் முக்கால் சுகம். போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

முதலில் என் புத்திசாலித்தனத்தை முழுதாகக் கேட்டுக்கொள். சிறுநீர் முதன்முதலில் சிவப்பாகப் போன வாரம் பட்டறையில் ஒரு சிவப்பு வண்டிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். மூக்கு வழியாகப் போன சாயம் கீழே இறங்குகிறது என்று நானே வைத்தியம் பார்த்து நானே சமாதானமும் ஆகிவிட்டேன். அடுத்த வாரம் நீல வண்டி வந்தது, அப்போதும் சிவப்பாகத்தான் போனது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும், பழைய சாயம் இன்னும் பாக்கி இருக்கிறது போல என்று யாரிடமும் மூச்சு விடாமல் இரண்டு மாதம் ஓட்டினேன். விஷயம் வெளியே வந்ததும் உன் அம்மா, "நல்லவேளை மறுபடியும் சிவப்பு வண்டி எதுவும் வரல, கணக்கு சரியாயிடுச்சுன்னு சொல்லியிருப்பீங்க" என்றாள். பட்டறையில் ஒடுக்கு எடுக்கும் டிங்கர் அண்ணன் அதற்கும் மேலே, "துருவை மறைச்சு மேல பட்டி பூசறது உனக்குக் கைவந்த கலை, உடம்புலயும் பூசிட்டியாடா" என்றார்.

குழாய் விட்டுச் சுரண்டி எடுத்ததில் கட்டி புற்றுதான், சிறுநீர்ப்பையின் உள் அடுக்கைத் தாண்டிவிட்டது, தசைக்குப் போகவில்லை என்று உனக்கே தெரியும். பையையே எடுத்துவிடலாம், அல்லது பைக்குள் மருந்து செலுத்திக் கண்காணிக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். நீ "எடுத்துடுங்கப்பா" என்றாய், நான் முடியாது என்றேன். யோசித்துச் சொன்னதாக நினைக்காதே, சிறுநீருக்கு வெளியே ஒரு பையைக் கட்டிக்கொண்டு நடக்கப் பயந்து சொன்னது. அதன் பிறகு டாக்டரம்மா அந்தச் சதைத் துண்டை இரண்டு சோதனைக்கு அனுப்பினார், முடிவு வியாழக்கிழமை வந்தது. ஒன்று கட்டியின் மரபணுவில் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பது. என்னுடையதில் இருக்கும் மாற்றம் உள்ளவர்களுக்குக் கட்டி திரும்பத் திரும்ப முளைக்குமாம், ஆனால் ஆழமாக இறங்குவது குறைவாம். இன்னொன்று உடம்பின் காவல் செல்கள் கட்டியைச் சுற்றி நிற்கின்றனவா என்று எண்ணுவது. சில கட்டிகள் காவலாளிகளைத் தூங்க வைத்துவிடுமாம். "உங்களுக்குக் காவலுக்கு ஆள் இருக்கு, முழிச்சும் இருக்கு, மருந்து வேலை செய்ய அது நல்ல அறிகுறி" என்றார். நம் பட்டறை வாட்ச்மேனைவிட மேல் என்றேன், சிரித்துவிட்டார். அப்போ பிழைத்துவிட்டேனா என்று கேட்டதற்கு மட்டும் சிரிக்கவில்லை. "உங்களை மாதிரி நூறு பேர் எப்படி இருப்பாங்கன்னு இந்தக் காகிதம் சொல்லும், அந்த நூறுல நீங்க யாருன்னு சொல்லாது" என்றார். எனக்கு அது புரிந்தது. கலர் அட்டையில் பார்த்த நிறம் தகட்டில் ஏறிக் காய்ந்த பிறகுதானே தெரிகிறது.

உனக்காக ஒன்று கேட்டேன், அதைக் கேட்கத்தான் இத்தனை நாள் நாக்கு எழவில்லை. என் மூக்கை உனக்குக் கொடுத்ததற்கே நீ என்னை மன்னிக்கவில்லை, இதையும் கொடுத்துவிட்டேனா என்று. "இது பிறக்கும்போதே வந்தது இல்லை, கட்டிக்குள்ள மட்டும் நடந்த மாற்றம், பிள்ளைங்களுக்குப் போகாது" என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். வராண்டா பெஞ்சில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். உன் அம்மா கெட்ட செய்தி என்று நினைத்து அவளும் அழுதாள், விஷயத்தைச் சொன்னதும் கைப்பையால் முதுகில் ஒன்று போட்டாள்.

ஆகவே சிறுநீர்ப்பையை வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறேன், இந்த முறை பயத்தில் அல்ல. திங்கட்கிழமை தொடங்கி ஆறு வாரம் மருந்து, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை குழாய் விட்டுப் பார்ப்பது. ஆழமாக இறங்குவது தெரிந்தால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடச் சம்மதம் என்று காலண்டர் அட்டையின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டு உன் அம்மாவிடம் கொடுத்தாயிற்று. பட்டறைக்கு இப்போது முகமூடியோடுதான் போகிறேன், முப்பது வருடம் தாமதம்தான், பரவாயில்லை. நீ லீவு போட்டு ஓடி வர வேண்டாம், குழந்தைக்குப் பள்ளி முடிந்ததும் நிதானமாக வா.

மாப்பிள்ளையிடம் கேட்டதாகச் சொல். குழந்தையும் நீங்களும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, சிறுநீரை அடக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யாதே. இதோ, பேனாவை வைத்துவிட்டு நானும் போய் வந்தேன், இன்று தெளிவாக இருந்தது. இனி எந்த நிறத்தில் போனாலும் அன்றைக்கே உனக்குச் சொல்வேன், பட்டறையில் என்ன வண்டி நின்றாலும்.

இப்படிக்கு,
இனி ஒளிக்காத
உன் அப்பா