டீச்சர் வாசித்த கணக்குப் பரீட்சை

டீச்சரம்மா,

ஆவடி உயர்நிலைப் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே கணக்குப் பரீட்சைக் கேள்வித்தாள் கட்டைப் பிரிக்கிறார்கள். அந்த ஊதா மையின் வாசனை வந்ததும் உங்கள் ஞாபகம். நீங்கள் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

சேக்காட்டுப் பள்ளியில் என் தங்கச்சி மகள் வசந்தா உங்களிடம் நாலாவது படித்தாள். எழுத்தைப் பார்த்தால் அவளுக்கு எறும்பு ஓடுகிற மாதிரி. வாயால் கேட்டால் பட்டென்று விடை வரும். ஏற்கெனவே பெயில். மறுபடியும் பெயிலானால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்றான் அவள் அப்பன். கேள்வியை நீங்களே வாசித்து, விடையை அவள் வாயால் சொல்லட்டும் என்றீர்கள். பெரிய வாத்தியாரைச் சம்மதிக்க வைத்தது நான்தான். நான் வேலை செய்யும் பேக்டரியில் ஜெனரல் மேனேஜரே என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டார் என்றேன். மனுஷன் வெலவெலத்துப் போனார்.

"நீங்க வாயத் தொறக்காம இருந்தாலே அவர் ஒத்துக்குவாருங்க" என்றீர்கள்.

பரீட்சையன்று பேசாமல்தான் ஜன்னலோரம் நின்றேன். பெரிய வாத்தியாரும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வண்டிக்குப் பன்னண்டு மூட்டைன்னா, ஏழு வண்டிக்கு எத்தன?"

வசந்தா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு யுகம் போயிற்று.

"எழுபத்தாறு!" என்று கத்திவிட்டேன்.

பெரிய வாத்தியார் எகிறிக் குதித்தார். "இன்னா டீச்சர் இது! வெளிய ஆள வச்சு சொல்லிக் குடுக்கறீங்க? செல்லாது, போ!"

"மாமா சொல்றது தப்பு சார்," என்றாள் வசந்தா, கண்ணைத் திறக்காமலே. "எம்பத்தி நாலு. அதுக்குக் கணக்கு வராது. ஊட்லயும் இப்டித்தான் உளறிகினே கீது."

நீங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "சொல்லிக் குடுத்ததக் கேக்கற பொண்ணா சார் இது?" என்றீர்கள். அவர் உட்கார்ந்து, அடுத்த கேள்வியைக் கேளுங்கள் என்றார். வசந்தா பாஸ்.

வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னேன் என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிவருகிறேன். நீங்கள் ஒருநாளும் மறுத்ததில்லை.

தட்டுத்தடுமாறி இப்போது இந்தப் பள்ளியில் எட்டாவது. அவள் அப்பன் அதே பேச்சுப் பேசுகிறான். இங்கேயும் கேள்வியை வாசித்துக் காட்ட முடியுமா என்று காலையில் தலைமையாசிரியை அம்மாவைக் கேட்டேன். வழக்கமில்லை என்றார். பேக்டரி, மேனேஜர் என்று எதையும் இழுக்கவில்லை டீச்சர். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது நீங்கள் என்னிடம் சொன்னதை மட்டும் சொன்னேன்: "கணக்கு தெரியுமான்னுதானே பாக்கறோம்? அப்போ கணக்க மட்டும் கேப்போம்."

இருங்கள் என்று உள்ளே போனார். கதவு இன்னும் திறக்கவில்லை. என்னிடம் இருப்பது அந்த ஒரு பேச்சுதான். திரும்பக் கேட்டாலும் ஒரு வார்த்தை கூட்டாமல் அதையே சொல்வேன்.