இரண்டு முழ வட்டம்

1974, பங்குனி, வெள்ளிக்கிழமை. புதுவாயல்.

பாப்பாவுக்கு அம்மை போட்டு இன்று ஆறாம் நாள். வெளியே விட முடியாது; அழுகிறாள். அறையைக் கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றோடு மெட்ராஸ் பர்மா பஜாருக்குப் பொம்மை வாங்கப் போனேன். பெரிய ஹெலிகாப்டர் சுவரில் இடிக்கும். நடுக்கம்பத்தில் மாட்டினால் இரண்டு முழ வட்டத்துக்குள் சுற்றும் பேட்டரி ஹெலிகாப்டர் ஒன்று இருந்தது. அதையே எடுத்தேன்.

பஸ் இறங்கியதும் ஆசையில் கால் கழுவாமலே உள்ளே போய்விட்டேன். என் மனைவி சரோஜா பதறினாள்.

"இன்னாய்யா, ஆத்தா வந்திருக்கிற ஊட்டுல இப்படியா நேரா வருவ? கூட எது வந்துச்சோ!"

நான் காதில் வாங்கவில்லை.

நன்றாகத்தான் பறந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பாப்பாவின் பாய் ஓரத்தில், வெறும் இடத்தில், எதிலோ தட்டி நின்றது. மறுபடி கயிறு பிடித்துப் பார்த்தேன். சுவர் எட்டத்தில்தான் இருக்கிறது.

"அங்க அவுங்க உக்காந்துகினு இருக்காங்க, நைனா. உன்கூடதான வந்தாங்க?" என்றாள் பாப்பா.

ஹெலிகாப்டரைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.

பாப்பா தூங்கிவிட்டாள். வேப்பிலையைத் தள்ளிவிட்டு, சுவரோரமாக நகர்ந்து படுத்திருக்கிறாள். பாயில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு.