மெலிசாவும் பச்சை அம்பும்

ஏப்ரல் 8

நாளை என் மனைவி ஸெனாவுக்கு மூன்றாவது டிரைவிங் தேர்வு. வீடு முழுக்க மெலிசா நாற்றம். பால்கனித் தொட்டியில் களை மாதிரி மண்டும் செடி. வெள்ளைப் பூ விடுவதற்குள் இலையைக் கிள்ளிக் காயவைத்து, வருஷம் முழுக்கக் கொதிக்கவைத்துக் குடிக்கிறாள். நரம்பு அடங்குமாம். இந்த ஊரில் கோபம் வந்தால் மெலிசா, பரீட்சை என்றால் மெலிசா, மாமியார் வந்தால் மெலிசா. இதே சுவாவ்கி நகரில் முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டியிருக்கிறேன். ஒரு வாய் குடித்ததில்லை.

அறுபத்தோரு வயதில் ஸ்டியரிங் பிடிக்க வந்துவிட்டாள். என் கண்ணில் அழுத்தம் ஏறியது என்று லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்களே, அதனால். “அம்மா பாஸ் பண்ணலன்னா வித்துடலாம்ப்பா. சும்மா நின்னு துருப்பிடிக்குது” என்கிறான் மகன் யாரெக். என் ஸ்கோடா காரை!

சாப்பாட்டு மேஜையில் உப்புக் குப்பியைக் காராக வைத்து மறுபடி பாடம் எடுத்தேன். சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் பச்சை அம்பு எரிந்தால் நிற்காதே, மெதுவாக உருட்டிக்கொண்டு திரும்பு.

“நின்னுட்டுப் போகணும்னு புத்தகத்துல இருக்கே.”

“புத்தகமா பஸ் ஓட்டிச்சு?”

ஏப்ரல் 9

ஃபெயில். எதிர்பார்த்ததுதான்.

ஏப்ரல் 10

எதில் ஃபெயில் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை. இரண்டு டம்ளர் மெலிசாவை ஊற்றிக்கொண்டு போனால் கால் பிரேக்கில் தூங்காமல் என்ன செய்யும்? படிக்கட்டில் கீழ் வீட்டு ததேயுஷிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. திரும்பினால், கடைப் பையோடு அவள் நிற்கிறாள்.

மே 3

அவள் கோயிலுக்குப் போன நேரம். மெலிசா டப்பாவைக் குப்பையில் கொட்டிவிடலாம் என்று திறந்தேன். இலைக்கு அடியில் மடித்த தாள்கள் — மூன்று தேர்வின் முடிவுத் தாள்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மூன்றிலும் ஒரே வரி: பச்சை அம்புக்கு முன் வண்டியை முழுதாக நிறுத்தவில்லை.

மூன்றிலுமா?

டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மே 4

கேட்டேவிட்டேன். “ஏன்டி சொல்லல?”

“கண்ணு போச்சுன்னே நொந்துபோய்க் கிடந்த. நீ சொல்லிக்குடுத்ததே தப்புன்னு வேற சொல்லணுமா?”

“புத்தகத்துல இருக்கிற மாதிரி நின்னிருக்கலாம்ல.”

“நிக்கணும்னுதான் போறேன். அங்க போனா உன் குரல்தான் கேக்குது.”

முப்பத்துநாலு வருஷ அனுபவமாம். த்தூ.

மே 5

மேஜையில் பாடம் இல்லை. அவளாகப் படித்தாள். நான் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 4

பாஸ்.

ஜூன் 21

கண் டாக்டரைப் பார்க்க பியாவிஸ்தோக் நகரத்துக்குப் போனோம். காரில். வழக்கம்போல முன் கதவைத் திறந்தேன்.

“அங்க வேணாம். பின்னாடி உட்காரு” என்றாள், பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே.

“ஏன்?”

“பக்கத்துல நீ இருந்தா என் காலு உன் பேச்சைத்தான் கேக்கும்.”

உட்கார்ந்தேன். பதினாலு வருஷமாக என் கார். பின் சீட்டில் இன்றுதான் முதல் தடவை. முழங்கால் முன் சீட்டில் இடிக்கிறது, காலை நீட்ட வழியில்லை. இத்தனை வருஷம் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் அம்மாவை இங்கேதான் உட்காரவைத்தேன். போய்ச் சேரும்வரை நான் ஒரு பாடமும் எடுக்கவில்லை.