‘இதர’ பெட்டிக்குப் போனவை

நவம்பர் 4, செவ்வாய்

அந்த அறிக்கைக் கோப்பை அழித்தவர்கள் எங்கள் அலுவலக ஆட்கள்தான். நிரூபணம் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

மழை. பஸ் பிந்தியது. சப்பாத்துக்குள் தண்ணீர்.

டென்மார்க் படையின் ஆவணப் பிரிவுக்கு, எங்களுக்கு, இன்று வந்த விண்ணப்பங்கள் பன்னிரண்டு. ஏழாவது சுதன் மாமாவினுடையது. ஞாயிறு ஜெப சபையில் எனக்குப் பின்வரிசையில் இருந்து இருமுகிறவர். படையின் வாகனப் பட்டறையில் பதினெட்டு வருடம் பழைய பெயின்ட் சுரண்டியவர். இப்போது பாதி நுரையீரல்தான் வேலை செய்கிறது. பட்டறைக் காற்றைப் பரிசோதித்த அறிக்கையின் பிரதி கேட்கிறார். அது இல்லாமல் இதை வேலையால் வந்த நோய் என்று யாரும் ஏற்கப்போவதில்லை.

தேடினேன். இல்லை. பிரிவுத் தலைவி கிர்ஸ்டன் திரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. “இல்லை என்று எழுது. மூன்றாம் மாதிரிக் கடிதம்.”

வாங்க: பால், முட்டை, உடுப்புத் தோய்க்கிற பவுடர்.

நவம்பர் 5, புதன்

மத்தியானம் சுதன் மாமாவின் போன்.

“பிள்ளை, நீ அங்கதானே வேலை? என்ரை விண்ணப்பம் வந்ததோ?”

“அதைப் பற்றிக் கதைக்கேலாது மாமா. சட்டம்.”

“என்ன சட்டம்? அந்த அறிக்கையை என்ரை கண்ணாலை பாத்தனான். சாப்பாட்டு அறைச் சுவரிலை ஒரு கிழமை ஒட்டிக் கிடந்தது. முகமூடி போடச் சொல்லி சிவப்புப் பேனையாலை கீறியிருந்தவங்கள்.”

“முகமூடி தந்தவங்களோ?”

“தந்தவங்கள். ஆறு பேருக்கு ரெண்டு.” சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நிற்கவேயில்லை. அவர் மகள் போனை வாங்கி வைத்துவிட்டாள்.

கிர்ஸ்டன் இரண்டு தடவை கேட்டாள், கடிதம் போய்விட்டதா என்று. தலைவலி.

நவம்பர் 7, வெள்ளி

பகல் முழுக்க இருட்டு. அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைக் காலைச் சாப்பாடு: பாண், சீஸ், எங்கள் மேலதிகாரி மேஜரின் கோடைவீட்டுக் கூரை ஒழுகும் கதை. எல்லோரும் கவலைப்பட்டார்கள்.

அவர்கள் தின்னும்போது அழிப்புப் பதிவேட்டைத் திறந்தேன். கோப்பு போனாலும் அது போன குறிப்பு கணினியில் நிற்கும். யாரும் பார்ப்பதில்லை. அரை மணித்தியாலம் தேடினேன். கிடைத்தது.

காற்றுப் பரிசோதனை. வாகனப் பட்டறை. இணைப்பு 2, நாலு பக்கம். பெட்டி: இதர. தானாக அழிந்தது. பெட்டிக்கு மாற்றியவர்:

என் பெயரின் மூன்று எழுத்துகள்.

இரண்டு வருடத்துக்கு முன், வேலைக்கு வந்த முதல் மாதம். பழைய கணினி முறையில் இருந்து புதியதுக்கு மாற்றம். மலை மலையாக மெயில்கள். கிர்ஸ்டன் சொன்னது: “கோப்பு எண் இல்லாததையெல்லாம் ‘இதர’வில் போடு. திறந்து பார்க்காதே, நேரமில்லை.” போட்டேன். எல்லோரையும்விட வேகமாகப் போட்டேன். அதற்கு எனக்கு ஒரு கேக் வாங்கினார்கள்.

‘இதர’ பன்னிரண்டு மாதத்தில் தானே அழியும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

பஸ் நேரத்துக்கு வந்தது. பதிவேட்டின் அந்த வரியை கிர்ஸ்டனுக்குக் காட்டினேன்.

“அறிக்கை இருந்திருக்கிறது. இருந்தது, அழித்துவிட்டோம் என்று எழுதலாமே?”

“அவர் கேட்டது அறிக்கையை. அறிக்கை இல்லை. இல்லாததை இல்லை என்கிறோம். இதில் என்ன பொய்?”

கதிரையைக் கிட்ட இழுத்தாள். “அந்த வரியில் இருப்பது உன் எழுத்துகள். ஜனவரியில் உன்னை நிரந்தரமாக்குவது பற்றி முடிவெடுக்கிறார்கள். உனக்காகத்தான் சொல்கிறேன்.” தோளில் தட்டினாள். கோப்பி வேண்டுமா என்று கேட்டாள்.

கோப்பி குடித்தேன்.

2.20க்கு மூன்றாம் மாதிரியை அனுப்பினேன். “தாங்கள் குறிப்பிடும் ஆவணம் எமது பதிவுகளில் காணப்படவில்லை.” கீழே என் பெயர். கடிதத்துக்குக் கோப்பு எண் கொடுத்து, உரிய இடத்தில் சேமித்தேன். அது ஒருநாளும் அழியாது.

பவுடர் வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கோல்டிங் நகரம். காற்று. சபையில் கூட்டம் குறைவு.

பாஸ்டர் சுதன் மாமாவை முன்னுக்குக் கூப்பிட்டு, அவர் நெஞ்சுக்காக எல்லோரையும் ஜெபிக்கச் சொன்னார். நானும் கையை உயர்த்தினேன். அவருக்குத் தேவைப்பட்டது அற்புதம் இல்லை, நாலு பக்கக் கடதாசி.

முடிந்ததும் ஜாக்கெட் எடுக்கப் போனேன். அங்கே நின்றார். வேதாகமத்துக்குள்ளிருந்து என் கடிதத்தை எடுத்தார்.

“உன்ரை பேர் கிடக்கு இதிலை.”

“ஓம் மாமா.”

“உன்னைக் குறை சொல்லேல்லை, பிள்ளை. மேலை இருக்கிறவை சொன்னதைத்தானே எழுதியிருப்பாய்.”

மகள் வாசலில் நின்று டேனிஷில் கூப்பிட்டாள், கார் வழியை மறித்து நிற்கிறதாம். அவர் திரும்பவில்லை. கடிதத்தின் வெற்றுப் பக்கத்தை என் பக்கம் பிடித்தார்.

“ஒரு வரி எழுதித் தா. ‘அறிக்கை இருந்தது.’ அவ்வளவுதான். கீழை கையெழுத்து வை.”

பேனையை நீட்டினார். மூடியைக் கழற்றியே வைத்திருந்தார்.