முன்சக்கரம் ராட்டையான விவரம்

ஆடி 5, புதன்

என் சைக்கிளின் முன்சக்கரத்தை, என்னைக் கேட்காமல் கழற்றி, தறியின் ஊடை நூலைத் தாராகச் சுற்றும் ராட்டையாக்கிவிட்டார்கள். செய்தவள் என் மனைவி பாவாயி. உடந்தை: மகன் அர்த்தநாரி, மருமகள் செல்லம்மா. நான் எடப்பாடிக்குக் கருமாதிக்குப் போயிருந்த நேரத்தில்.

காற்று பலம். கண்ணெல்லாம் புழுதி.

சீமையிலிருந்து பெட்டியில் வந்த சைக்கிள். அன்று வந்தபடியே இருக்கிறது. மணி மாற்றவில்லை. பெயிண்ட் அடிக்கவில்லை. ஒரு திருகு மாற்றவில்லை. முன் டயர் தேய்ந்துபோனதும், யுத்தம் முடிந்து அதே கம்பெனி டயர் வரும்வரை ஏறுவதில்லை என்று உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். அது குற்றமா?

வீட்டு மர ராட்டையின் அச்சு முறிந்ததாம். ஆடிப் பதினெட்டுக்குள் சேலை கொடுக்க வேண்டுமாம்.

"ஏனுங்க, சும்மா தொங்குன சக்கரந்தானுங்க? சோறு போடட்டுமே" என்றாள் பாவாயி.

சோறு தொடவில்லை. கூழ் மட்டும்.

ஆடி 6, வியாழன்

டயரைத் தேடினேன். தண்ணீர்க் குடத்தின் அடியில்! மூன்று சுற்றாக முறுக்கிப் பிரிமணை ஆக்கியிருக்கிறாள். கம்பெனி எழுத்து அழியாத டயர்.

"குடம் அசையாம நிக்குதுங்க." பெருமை வேறு.

வீட்டில் யாரோடும் பேச்சு இல்லை. மீதி சைக்கிளுக்கு விளக்கெண்ணெய் போட்டுத் துடைத்தேன். ஒற்றைச் சக்கரத்தோடு பார்க்கச் சகிக்கவில்லை.

ஆடி 7, வெள்ளி

பேச வேண்டியதாயிற்று. செல்லம்மா ஈர நூலைத் தொட்ட கையாலேயே சக்கரத்தைச் சுற்றுகிறாள். நிக்கல் பூச்சு! துரு ஏறினால்?

"கைய எடு, சாமி. நூலை மட்டும் புடி. நான் சுத்தறேன்."

"சரிங்க மாமா." உடனே விட்டுவிட்டாள். மறுப்பே இல்லை.

பொழுது சாயும் வரை சுற்றினேன். எதிர் வீட்டு நல்லமுத்து வாசலில் நின்று, "என்னங்க மாமா, தார் சுத்தறீங்களாட்ட இருக்குது?"

"தார் அவ சுத்தறா. நான் சக்கரத்தப் பாத்துக்கறேன்."

சிரித்துக்கொண்டே போனான். மூளை போதாது.

தோள் வலி. நூல் ஒருமுறைகூட அறுபடவில்லை. நல்ல சக்கரம். கைக்கும் அதில் பங்கு உண்டு.

ஆடி 9, ஞாயிறு

தூறல். மர ராட்டையைப் பார்க்கத் தச்சன் வந்தான்.

"இரும்பு அச்சு ஒண்ணு போட்டுட்டா இப்பவே ஓடுமுங்க. உங்க சக்கரத்த எடுத்து மாட்டிக்கலாம்."

அந்த ராட்டை வந்தது புளிய மர அச்சோடு. அதில் இரும்பா? சைக்கிளுக்கு ஒரு நியாயம், ராட்டைக்கு ஒரு நியாயமா? திருப்பி அனுப்பினேன்.

அர்த்தநாரி தலையில் அடித்துக்கொண்டான். "அய்யா! மாட்டிக்கிட்டு நிக்கறது உங்க சக்கரமுங்க!"

தெரியும். அதற்காக?

பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். தோள் குலுங்கியது.

செய்ய வேண்டியவை:

அர்த்தநாரி: வைரம் பாய்ந்த புளிய மரம். வெண்ணந்தூரில் இல்லையென்றால் ராசிபுரம். அங்கும் இல்லையென்றால் சேலம்.

தச்சன்: பழைய அச்சின் அளவிலேயே கடைய வேண்டும். சொந்த யோசனை கூடாது.

பாவாயி: டயரை விடுவிக்க. குடம் அவள் பாடு.

செல்லம்மா: ஈரக் கை படக்கூடாது.

நல்லமுத்து: அவன் வாசலோடு நிற்க.

அதுவரை தினமும் ராட்டை சுற்ற: நான். வேறு எவரும் தொடக்கூடாது.