சாமி மேடையில் வைத்த மாத்திரை

எதையும் சாமிக்குக் காட்டாமல் வீட்டுக்குள் சேர்க்காத என் அம்மாவுக்கு,

அப்பாவின் கால் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பாய். "மத்த கதையெல்லாம் அப்புறம் பேசலாம்டி, கால சொல்லு" என்பாய். சொல்கிறேன். ஆனால் சுற்றி வளைத்துத்தான் அங்கே வர முடியும். நடுவில் என்னை நிறுத்தாதே.

கோலா பிலாவில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டேன். முதலாளியம்மா நான் சிரிக்கவில்லை என்றாள். சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவ்வளவுதான். இப்போது நம் எஸ்டேட் நர்சரியில் செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். ஆமாம், சிரம்பான் காலேஜைப் பாதியில் விட்டு வந்த அதே மகாராணிதான். சிரித்து முடித்துவிட்டாயா?

நான் காலேஜை விட்டு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பையோடு வாசலில் நின்றேன். அப்பா ஏச ஆரம்பித்துவிட்டார். நீ மட்டும் என் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாய்.

"சுடுது."

"சுடலம்மா."

"நான் சொல்றேன், சுடுது. உட்காரு அங்க."

தலை வழிய எண்ணெய் வைத்தாய். வெந்நீர் ஊற்றினாய். மிளகு ரசத்தைத் தட்டில் குழைத்து முன்னால் வைத்தாய். பிறகு ஒரு காய்ச்சல் மாத்திரையை எடுத்துக்கொண்டு போய், சாமி மேடையில் முனியாண்டி படத்துக்கு முன்னால் வைத்துக் கண்ணை மூடி நின்றாய். அதை நான் முழுங்கிய பிறகுதான் உனக்கு மூச்சே வந்தது.

நம் வீட்டில் எதுதான் அந்த மேடைக்குப் போகாமல் இருந்தது? அப்பாவின் மோட்டார் சைக்கிள் சாவி, அக்காவின் கல்யாணப் பத்திரிகை, என் பரீட்சைப் பேனா, உன் ரத்தக்கொதிப்பு மாத்திரை. கிளினிக்கில் கொடுத்தது பாதி, முனியாண்டி பார்த்தது பாதி, இரண்டும் சேர்ந்தால்தான் மருந்து என்பாய்.

அன்று சாயங்காலம் என்னைக் கோயில் வரைக்கும் நடக்க வைத்தாய். செம்பனைக்கு நடுவே அந்த லாரிப் பாதையில் ஊர்க்கதை முழுக்கப் பேசினாய். அப்பாவை வேலை வாங்கும் மண்டோருடைய பெண்டாட்டியின் புது ஃபிரிட்ஜ், அக்கா மாமியாரின் முட்டிவலி, எல்லாம். காலேஜைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வரும்போது நானே சொன்னேன்.

"அங்க மூச்சு முட்டுதும்மா."

"தெரியும். அதான் நடக்க வச்சேன்."

கொஞ்ச நாளைக்கு முன்னால் அக்கா ஃபோனில் என்ன சொன்னாள் தெரியுமா? போர்ட்டிக்சனில் கடலோரம் ஒரு இடமாம். உடம்பு, மனசு, ஆன்மா மூன்றையும் சேர்த்தே கவனிப்பார்களாம். அப்பாவை அங்கே கொண்டுபோய் விடலாமாம். "ஹோலிஸ்டிக் லா" என்றாள். "நம்ம அம்மா எண்ணெய்க் கிண்ணத்தையும் ரசத்தையும் வச்சே அதச் செஞ்சிட்டா லா" என்றேன். அப்பா பக்கத்திலிருந்து, "கடல் பாத்துக்கிட்டு உட்கார எனக்கென்ன புதுசா கல்யாணமா ஆயிருக்கு?" என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் பேசிய முழு வாக்கியம் அதுதான்.

நீ போன பிறகு அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார் அம்மா. காப்பிக்கடைக்குப் போவதில்லை. தூங்குவதில்லை. வேலைக்கு மட்டும் போனார்; பழம் வெட்டப் போன இடத்தில் செம்பனை மட்டை முள் கால் பெருவிரலுக்குக் கீழே ஏறியதைக்கூட யாரிடமும் சொல்லவில்லை. செருப்பில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். இனிப்பு நீர் உடம்பு. புண் ஆறவே இல்லை. கிளினிக்கில் மருந்து வைத்துக் கட்டும் மலாய்க்கார மிஸி ஒவ்வொரு முறையும், "பாக்சிக், மாத்திரை போடுறீங்கதானே?" என்று மாமா முறை வைத்து மலாயில் கேட்பார். அப்பா தலையாட்டுவார். இனிப்பு மட்டும் இறங்காது. கடைசியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். மனசு சரியில்லையா, தூக்கம் வருகிறதா என்று அப்பாவிடமும் கேட்டார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இவரு என்ன, என்னய பைத்தியம்ன்றாரா?" என்று மோட்டார் வரைக்கும் நொண்டிக்கொண்டே முணுமுணுத்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கட்டுத்துணி தேடினேன். சாமி மேடைக்குக் கீழே ரொட்டி டின்னைத் திறந்தால் அப்பாவின் மாத்திரைப் பொட்டலங்கள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னப்பா இது? வெரல் போனா போவட்டும்னு இருக்கீங்களா? அம்மா பின்னாடியே போவப் பிளானா?"

அப்பா சுவரைப் பார்த்தார்.

"சாமிக்கு வைக்காம எப்படிம்மா சாப்புடுறது?"

"வச்சிட்டுச் சாப்புட வேண்டியதுதானே!"

"சாமி மூடியிருக்கே."

அப்போதுதான் நான் அந்த வெள்ளைத் துணியை உண்மையிலேயே பார்த்தேன். உன்னைக் கூடத்தில் கிடத்தியபோது யாரோ சாமி படங்களை மறைத்துக் கட்டிய துணி. கருமாதி முடிந்த அன்றே திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

"ஏம்ப்பா தொறக்கல?"

"உங்கம்மாதான் தொறப்பா. அவ இல்லாட்டி நீதானே இந்த வீட்டுல? நீதான் சாமி மேல கோவமா இருக்கியே. ஒரு நாள் கோவம் எறங்கும், நீயே தொறப்பன்னு இருந்தேன்."

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அப்பாவுக்கும் என்னைப் போலவே கோபம், துக்கம் தீரட்டும், அவரே திறக்கட்டும் என்று விட்டிருந்தேன். எனக்காக அவர், அவருக்காக நான். நடுவில் அவர் கால் அழுகிக்கொண்டிருந்தது. நீ இருந்திருந்தால் இரண்டு பேர் தலையிலும் கரண்டியால் போட்டிருப்பாய்.

கோபம் இறங்கவில்லை அம்மா. பொய் சொல்ல மாட்டேன். உன்னை எடுத்துக்கொண்ட சாமியோடு எனக்கு இன்னும் பேச்சு இல்லை. ஆனால் என் சண்டைக்கு அப்பாவின் விரல் என்ன பாவம் செய்தது? நாற்காலி போட்டு ஏறித் துணியை அவிழ்த்தேன். காய்ந்த மாலை, பல்லி எச்சம், ஒட்டடை. முனியாண்டி அரிவாளும் மீசையுமாக அப்படியே நின்றிருந்தார். அவர் காலடியில், அட்டையிலிருந்து பிரித்த ஒரு மாத்திரை.

உன் ரத்தக்கொதிப்பு மாத்திரை. கடைசி ராத்திரி நீ வைத்தது.

எடுக்க மறந்துவிட்டாயா? வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாயா? எடுத்திருந்தால் மறுநாள் எழுந்திருப்பாயா? யாரைக் கேட்பது? முனியாண்டியைத்தான் கேட்டேன், சத்தமாகவே. "வச்சவ எடுக்கலியேன்னு ஒரு வார்த்த ஞாபகப்படுத்தக் கூடாதா?" நான் கேட்டு முடிப்பதற்குள் அப்பா அழுதுவிட்டார். உன்னைத் தூக்கிய அன்றுகூட அழாதவர். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு, "சாமிகிட்ட இப்படியா பேசுவ? அப்படியே உங்கம்மா" என்றார்.

மறுநாள் கிளினிக்கில் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். மிஸி பாதி திட்டினார், பாதி சிரித்தார். டாக்டர் மாத்திரைகளை மாற்றிக் கொடுத்தார். தூக்கத்தைப் பற்றி அவர் மறுபடி கேட்டபோது அப்பா மலாயில் பதில் சொன்னார். பெண்டாட்டி போய்விட்டாள், பக்கத்து இடம் காலியாகக் கிடக்கிறது, படுக்கப் பிடிக்கவில்லை என்றார். என்னிடம் தமிழில் சொல்லாததை அங்கே சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது கால். புண்ணில் சிவப்புச் சதை வளர்கிறது. இனிப்பு இறங்குகிறது. விரல் தப்பியது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. இப்போதைக்கு வெட்ட வேண்டாம் என்கிறார். நடக்கக் கூடாது என்பதால் சாயங்காலம் மோட்டாரில் பின்னால் உட்கார வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன். அதே லாரிப் பாதை. நான் ஊர்க்கதை பேசுகிறேன். உன் அளவுக்கு எனக்குக் கதை தெரியவில்லை, அதனால் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன். அப்பா நேற்று, "ரசத்துல மொளகு போட்டியா, மண்ணப் போட்டியா?" என்று கேட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

உன் வழக்கத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மாத்திரையை மேடையில் வைத்த பிறகு இந்த வீட்டில் யாரும் அடுப்பைப் பார்க்கப் போகக் கூடாது. அது தொண்டையில் இறங்கும் வரைக்கும் நான் அங்கேயே நிற்பேன். அப்பா நிற்க வேண்டும். முனியாண்டியும் நிற்க வேண்டும். இதை ஒரு நாளும் விட மாட்டேன் அம்மா. வேலையை விடுவேன், காலேஜை விட்டேன், இதை விட மாட்டேன்.

சாமியை முறைத்துக்கொண்டே விளக்கேற்றுகிற,
உன் சின்ன மகள்